அடை மாவும் வாஃபிள் அச்சும்



மாலை வேளையில் ஜி.எஸ்.டி. சாலைப் பக்கம் போய் வந்தால் வாஃபிள் விற்கும் கடைகள் கண்ணில் படும். கட்டம் கட்டமாகக் குழி விழுந்த அந்தப் பலகாரத்தின் மேல் சாக்லேட்டை ஊற்றி, ஐஸ்கிரீம் வைத்துக் கொடுக்கிறார்கள். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு வாஃபிள் என்றால் இனிப்பு, மைதா, கடை. அதையே காய்கறியும் காரமும் சேர்த்து, கோதுமை துளியும் இல்லாமல், காலைப் பலகாரமாக வீட்டிலேயே செய்யலாம். அதற்கான மாவை நீங்கள் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. நம்முடைய அடை மாவுதான் அது.

செய்முறை மட்டும் என்றால் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். அதைக் கட்டுரையின் பிற்பகுதியில் கொடுத்திருக்கிறேன். அதற்கு முன்னால் கொஞ்சம் சரித்திரம் சொல்ல ஆசைப்படுகிறேன். காரணம் இருக்கிறது. கோதுமையே சாப்பிடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்ட குழந்தைகள் நம் குடியிருப்பில் இருக்கிறார்கள். என் பேத்தியும் அவர்களில் ஒருத்தி. விஷயம் தெரிந்ததும் எல்லோரும் முதலில் கேட்பது, “ஐயோ, அப்போ காலையில குழந்தைக்கு என்னதான் கொடுப்பீங்க?” என்பதுதான். இட்லியைப் பிட்டுச் சட்னியில் தொட்டுக்கொண்டே இதைக் கேட்டவர்களும் உண்டு! கோதுமை நம் காலைத் தட்டுக்கு எப்போது வந்தது என்பதே நமக்கு மறந்துவிட்டது. முப்பத்தெட்டு வருடம் பேங்கில் லெட்ஜர் பார்த்தவள் நான். ஒரு தொகை எந்தத் தேதியில் வரவு வைக்கப்பட்டது என்று பார்க்காமல் எனக்கு மனம் ஆறாது. அந்தப் பழக்கத்தில் இந்தக் கணக்கையும் பார்த்தேன்.

தேனடையும் அடையும்

முதலில் பெயர். வாஃபிள் என்ற ஆங்கிலச் சொல் டச்சு மொழியிலிருந்து வந்தது. அதன் வேர், தேன்கூட்டைக் குறிக்கும் பழைய ஜெர்மானியச் சொல்லோடு உறவுடையது என்று சொல்லாராய்ச்சி செய்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். குழிகுழியாக இருப்பதைப் பார்த்தால் பெயர்ப் பொருத்தம் சரிதான்.

இப்போது நம் மொழிக்கு வாருங்கள். தேன்கூட்டை நாம் தேனடை என்கிறோம். பத்துப்பாட்டில் ஒன்றான மதுரைக்காஞ்சியில் மதுரை நகரத்தின் இரவைப் பாடும் இடம் ஒன்று உண்டு. கடைத்தெருவில் பலகாரம் விற்பவர்கள் என்னென்ன வைத்திருந்தார்கள் என்று மாங்குடி மருதனார் அங்கே சொல்லிக்கொண்டு போகிறார். மோதகம் வருகிறது. மெல்லிய அடையும் வருகிறது. அந்த அடை எதைப் போல இருந்தது என்பதற்கு அவர் காட்டும் உவமை, வரிகளுள்ள தேன்கூடு. தலையாலங்கானத்துப் போரில் வென்ற பாண்டியன் நெடுஞ்செழியனைப் பாடிய சங்கப் பாட்டு அது. உ.வே.சாமிநாதையர் 1889-ல் பத்துப்பாட்டை அச்சில் கொண்டுவந்ததால் இன்று நாம் படிக்கிறோம்.

அந்த அடையும் நாம் இன்று முருங்கைக்கீரை போட்டுச் சுடும் பருப்பு அடையும் ஒன்றே என்று நான் வாதம் செய்ய வரவில்லை. அது இனிப்பு அடையாகக்கூட இருந்திருக்கலாம். ஐரோப்பாவில் ஒருவர் ஒரு பலகாரத்தைப் பார்த்துத் தேன்கூடு என்று பெயர் வைக்க, மதுரையில் ஒரு புலவர் வேறொரு பலகாரத்தைப் பார்த்து அதே தேன்கூட்டை நினைத்தார் என்பதுதான் எனக்கு வியப்பு.

அச்சின் கதை

வாஃபிள் அச்சு ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாக இருக்கிறது. இரண்டு இரும்புத் தகடுகள், ஒரு கீல், நீளமான இரண்டு கைப்பிடிகள். நடுவில் மாவை ஊற்றி மூடி, அடுப்புத் தீயில் காட்டி, திருப்பிப் பிடித்து மறுபக்கமும் வேக வைப்பார்கள். 1869 ஆகஸ்ட் 24 அன்று அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து டிராய் நகரைச் சேர்ந்த கார்னீலியஸ் ஸ்வார்ட்அவுட் என்பவர், அடுப்பின் மேலேயே வைத்துக் கையைச் சுட்டுக்கொள்ளாமல் திருப்பக்கூடிய அச்சுக்குக் காப்புரிமை வாங்கினார். அதன் நினைவாக அமெரிக்கர்கள் ஆகஸ்ட் 24-ஐ வாஃபிள் தினம் என்று கொண்டாடுகிறார்கள். 1910-களில் மின்சார அச்சு வந்தது. 1964-ல் நியூயார்க்கில் நடந்த உலகக் கண்காட்சியில் பெல்ஜியம் நாட்டு வாஃபிளை ஸ்ட்ராபெர்ரியும் கிரீமும் வைத்து விற்றார்கள். அது பெரும் புகழ் பெற்றது. நம் ஜி.எஸ்.டி. சாலைக் கடைகளில் பார்ப்பது அந்த வழியில் வந்த இனிப்பு வகைதான். அமெரிக்காவிலேயே வறுத்த கோழியோடு காரமாகச் சாப்பிடுகிறவர்களும் உண்டு.

நம் பக்கத்தில் இரண்டு தகட்டு அச்சு இல்லை. தோசைக்கல் இருந்தது, பணியாரக்கல் இருந்தது. ஆனால் கெட்டி மாவை உள்வரை வேக வைப்பது எப்படி என்ற அதே பிரச்சினை நமக்கும் இருந்தது. அடை வார்க்கும்போது நம் அம்மாக்கள் என்ன செய்வார்கள்? நடுவில் தோசைத் திருப்பியால் ஒரு குழி, சுற்றிலும் மூன்று நான்கு குழி போட்டு, ஒவ்வொன்றிலும் எண்ணெய் விடுவார்கள். சூடு நடுப்பாகத்துக்கும் போகும், ஓரமும் மொறுமொறுப்பாகும். வாஃபிள் அச்சின் கட்டங்கள் செய்வதும் இதையேதான். குழி கூடக் கூட மாவு இரும்பில் படும் பரப்பு கூடுகிறது. கெட்டி மாவு சீக்கிரம் வேகிறது.

மாவின் வயது

அடுத்து மாவு. கி.பி. 920 வாக்கில் சிவகோட்டி ஆச்சாரியர் கன்னடத்தில் எழுதிய வட்டாராதனை என்ற நூலில் ‘இட்டலிகெ’ என்ற பெயர் வருகிறது. 12-ஆம் நூற்றாண்டில் மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் சமஸ்கிருதத்தில் எழுதிய மானசோல்லாசத்தில் இட்லிக்கும் தோசைக்கும் முன்னோடியான பலகாரங்கள் சொல்லப்படுகின்றன. இந்திய உணவு வரலாற்றை விரிவாக எழுதிய கே.டி.அச்சயா, பழைய இட்லி உளுந்து மாவால் மட்டும் ஆனது, அரிசி பிற்பாடு சேர்ந்தது என்கிறார். எப்படியானாலும் அதில் கோதுமை இல்லை.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. தண்ணீர் விட்டுப் பிசைந்ததும் ரப்பர் போல இழுபடும் குணம் அதனால்தான் வருகிறது. ரொட்டி உப்புவதும், பரோட்டா மாவு வீச வருவதும் குளூட்டன் செய்யும் வேலை. அரிசி, உளுந்து, கடலைப்பருப்பு, துவரம்பருப்பு, கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, சாமை, வரகு எதிலும் கோதுமையில் உள்ள அந்தப் புரதம் கிடையாது. நம் பழைய காலைப் பலகாரம் எல்லாமே இந்தப் பட்டியலுக்குள் அடங்கிவிடும்: இட்லி, தோசை, அடை, ஆப்பம், இடியாப்பம், புட்டு, பணியாரம், பொங்கல், கூழ்.

குளூட்டன் இல்லாமல் மாவை எது பிடித்து நிறுத்துகிறது? உளுந்தின் கொழகொழப்புதான். உளுந்தை ஆட்டும்போது காற்றுக் குமிழ்கள் உள்ளே மாட்டிக்கொள்கின்றன. புளிக்கும்போது லூகோனோஸ்டாக் என்ற நுண்ணுயிர் வாயுவை உண்டாக்குகிறது. உளுந்துப் பசை அந்த வாயுவை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. வெளிநாட்டில் கோதுமை இல்லாத வாஃபிள் செய்ய முட்டையும், சாந்தன் பசை போன்ற பொடிகளும் சேர்க்கிறார்கள். நமக்கு ஒரு கைப்பிடி உளுந்து போதும்.

கோதுமை வரவான தேதிகள்

தமிழ்நாட்டில் கோதுமையே இல்லாமல் இருந்ததில்லை. திருநெல்வேலி அல்வாவுக்கு மூலப்பொருளே சம்பா கோதுமைதான். ஆனால் அது விசேஷத்துக்கு. தினப்படி வயிற்றுக்குக் கோதுமை வந்தது பஞ்ச காலத்தில்.

முதல் தேதி 1942. அந்த ஆண்டு பர்மா ஜப்பானியர் கைக்குப் போனது. அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. போர்க்காலத்தில் அரிசிக்கு ரேஷன் வந்தது. அந்தத் தட்டுப்பாட்டில்தான் ரவா இட்லியைக் கண்டுபிடித்தோம் என்று பெங்களூரின் எம்.டி.ஆர். உணவகத்தார் சொல்கிறார்கள். அரிசி கிடைக்காத இடத்தில் கோதுமை ரவை வந்து உட்கார்ந்ததற்கு அது நல்ல உதாரணம்.

இரண்டாவது தேதி 1956. அமெரிக்காவின் பி.எல். 480 திட்டத்தில் இந்தியா அந்த ஆண்டு ஒப்பந்தம் போட்டது. டாலர் இல்லாமல் ரூபாயிலேயே கணக்கு வைத்து கோதுமை வாங்கலாம். காமர்ஸ் படித்த எனக்கு அந்த ஏற்பாடு கல்லூரிப் பாடத்தில் வந்தது. என் வயதுக்காரர்களுக்கு அது ரேஷன் கடையில் வந்தது.

மூன்றாவது தேதிதான் முக்கியம். 1965-லும் 1966-லும் மழை பொய்த்தது. பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி திங்கட்கிழமை இரவுச் சாப்பாட்டை விட்டுக்கொடுக்கும்படி மக்களைக் கேட்டுக்கொண்டார். 1966-ல் மட்டும் சுமார் 1 கோடி டன் உணவு தானியம் வெளிநாட்டிலிருந்து வந்தது. பெரும்பகுதி கோதுமை. இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரி 14 அன்று தொடங்கியது. அதன் தலைமையகம் முதலில் சென்னையில் இருந்தது, முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில். பொங்கல் நாளில், நெற்களஞ்சியத்தில்! 1967 தேர்தலில் அரிசியே பெரிய பேச்சாக இருந்ததும், ரூபாய்க்குப் படி அரிசி என்ற திட்டம் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் வந்ததும் உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும்.

அப்போது நான் சின்னப் பெண். ரேஷனில் வந்த கோதுமையை வைத்துக்கொண்டு என் பாட்டி என்ன செய்வது என்று தெரியாமல் விழித்தது நினைவில் இருக்கிறது. கல் பொறுக்கி, கழுவிக் காய வைத்து, ரவையாக உடைத்து, கடைசியில் உப்புமா கிண்டினார். கோதுமைத் தோசையும் வார்த்துப் பார்த்தார். “இது நம்ம ஊர் தானியம் இல்லடி. வயித்துக்கு ஆகும், நாக்குக்கு ஆகாது” என்பார். அடுத்த தலைமுறையில் அந்தப் பேச்சு எடுபடவில்லை. எங்களுக்குப் பூரி கிழங்கு என்றால் ஞாயிற்றுக்கிழமை.

பஞ்சம் தீர்ந்த பிறகும் கோதுமை திரும்பிப் போகவில்லை. வேறு வாசல்கள் வழியாக வந்தது. சர்க்கரை நோயாளிக்கு “ராத்திரி ரெண்டு சப்பாத்தி” என்பது வீட்டுக்கு வீடு சட்டமாயிற்று. பேக்கரிகள் பெருகின. பிரெட், பன், பிஸ்கட், சேமியா, நூடுல்ஸ், தெருமுனைப் பரோட்டா என்று வரிசையாக வந்தன. காலையில் அவசரத்துக்கு ரவா உப்புமா, பிரெட் ஜாம். ஒரு மனித ஆயுளுக்குள் நடந்த மாற்றம் இது. என் பாட்டி புதிது என்று சொன்ன தானியத்தை விட்டால் வேறு என்ன இருக்கிறது என்று என் வயதுக்காரர்களே இன்று கேட்கிறார்கள்.

கிரைண்டர் காப்பாற்றிய மாவு

இத்தனைக்கும் நடுவில் அரிசி, உளுந்து மாவு எப்படிப் பிழைத்தது? அதற்கும் ஒரு தேதி இருக்கிறது. 1955-ல் கோயம்புத்தூரில் பி.சபாபதி என்பவர் ஆட்டுக்கல்லை மோட்டாரோடு இணைத்து வெட் கிரைண்டர் செய்தார் என்று சொல்வார்கள். அந்த ஊரில் அது பெருந்தொழிலாக வளர்ந்து, ‘கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்’ என்று புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறது.

அதன் அருமை வேலைக்குப் போன பெண்களுக்குத் தெரியும். 1980-களில் குரோம்பேட்டை ஸ்டேஷனில் காலை எட்டு மணி மின்சார ரயிலைப் பிடித்து பீச் வரை போனவர்களில் நானும் ஒருத்தி. 1931-லேயே மின்சார ரயில் ஓடத் தொடங்கிய தடம் இது. பிடித்தால் நேரத்துக்கு ஆபீஸ். ஆட்டுக்கல் மட்டும் இருந்திருந்தால் என் வீட்டில் வாரத்துக்கு ஆறு நாள் பிரெட்தான். போனஸ் பணத்தில் கிரைண்டர் வாங்கிய பிறகு ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை அரைத்தால் வியாழக்கிழமை வரை கவலை இல்லை. கோதுமையின் பெரிய பலம் அவசரத்துக்கு உதவுவது. கிரைண்டரும் ஃப்ரிட்ஜும் சேர்ந்து அரிசி மாவுக்கும் அந்தப் பலத்தைக் கொடுத்தன.

நோய் கண்டுபிடிக்கப்பட்ட விதம்

கோதுமை எல்லோருக்கும் கெடுதல் என்று நான் எழுதுவதாக யாரும் எண்ண வேண்டாம். பெரும்பாலானவர்களுக்கு அது நல்ல உணவு. சிலருக்கு மட்டும் குளூட்டன் உள்ளே போனதும் உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் சிறுகுடலையே தாக்குகிறது. உணவின் சத்தை உறிஞ்சும் மெல்லிய விரல் போன்ற பகுதிகள் தேய்ந்துபோகின்றன. குழந்தை சாப்பிடும், ஆனால் வளராது. வயிறு உப்பும், பேதி போகும், ரத்தசோகை வரும். சிலருக்கு வயிற்றில் ஒன்றுமே தெரியாமல் ரத்தசோகை மட்டும் இருக்கும். இதுதான் சீலியாக் நோய்.

லண்டனின் சாமுவேல் ஜீ என்ற மருத்துவர் 1888-ல் இந்த நோயைப் பற்றித் தெளிவாக எழுதினார். குணமாகும் வழி இருந்தால் அது உணவில்தான் இருக்கும் என்றும் கருதினார். எந்த உணவு என்பது அவருக்குத் தெரியவில்லை. அதைக் கண்டுபிடித்தவர் வில்லம் டிக்கே என்ற குழந்தை மருத்துவர். வாஃபிள் என்ற சொல்லைக் கொடுத்த அதே டச்சு நாட்டுக்காரர். ரொட்டியின் மேல் அவருக்கு 1930-களிலேயே சந்தேகம் இருந்தது. 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மன் ஆக்கிரமிப்பில் நெதர்லாந்தில் கடும் பஞ்சம் வந்தது. ரொட்டி கிடைக்கவில்லை. ஊரே பட்டினியில் வாடியபோது இந்த நோய் உள்ள குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்ப வந்ததும் மறுபடியும் படுத்தார்கள். 1950-ல் டிக்கே தன் ஆய்வேட்டில் கோதுமையே காரணம் என்று நிறுவினார்.

நம் நாட்டுக் கணக்கு இன்னும் யோசிக்க வைக்கிறது. 2016-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் இந்தியாவின் வடக்கு, வடகிழக்கு, தெற்குப் பகுதிகளில் 23,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களைச் சோதித்தார்கள். வடக்கில் 1.23 சதவீதம் பேருக்கு சீலியாக் இருந்தது. தெற்கில் 0.10 சதவீதம். ஆயிரம் பேருக்கு அங்கே பன்னிரண்டு, இங்கே ஒன்று. இந்த நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணு இரண்டு இடத்திலும் கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் இருந்தது. வித்தியாசம் தட்டில் இருந்தது. வடக்கில் ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை சாப்பிட்டார். தெற்கில் 25 கிராம்.

இதைப் படித்தபோது நான் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நோய்க்கு வாசல் நம்மிடமும் இருக்கிறது. இத்தனை நாள் கோதுமை அவ்வளவாக உள்ளே வராததால் தெரியாமல் இருந்தது. நம் பிள்ளைகளின் டிபன் பாக்ஸ் மாறிக்கொண்டே வரும்போது இந்தக் கணக்கும் மாறலாம். நம் ஊர்ப்பக்கம் இந்த நோயைப் பலர் கேள்விப்படாததால், கண்டுபிடிக்கவும் தாமதமாகிறது. என் பேத்திக்கு ஒன்றரை வருடம் இரும்புச்சத்து டானிக் கொடுத்தும் ரத்தம் ஏறவில்லை. பிறகு ஒரு டாக்டர் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்து, எண்டோஸ்கோப்பி செய்துதான் தெரிந்தது. கோதுமையை நிறுத்திய ஏழெட்டு மாதத்தில் அவளுக்குப் புது பாவாடை தைக்க வேண்டியதாயிற்று. பழையது எட்டவில்லை!

ஒரு வார்த்தை: சந்தேகம் வந்தால் நீங்களாகவே கோதுமையை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போகாதீர்கள். கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எடுத்தால்தான் பரிசோதனையில் சரியாகத் தெரியும். முதலில் டாக்டர், பிறகுதான் பத்தியம்.

அடை வாஃபிள் செய்முறை

பேத்தி கேட்டது ஒன்றே ஒன்று. “பாட்டி, எல்லாரும் வாஃபிள் சாப்பிடறாங்க. எனக்கும் கட்டம் போட்டது வேணும்.” அதற்காகச் செய்தது இது. ஏழெட்டு வரும், நான்கு பேர் வீட்டுக்குக் காலைக்குப் போதும்.

இட்லி அரிசி 1 கப், கடலைப்பருப்பு அரை கப், துவரம்பருப்பு அரை கப், உளுந்து கால் கப். நான்கையும் சேர்த்து 3 மணி நேரம் ஊற வையுங்கள். காய்ந்த மிளகாய் 4, சோம்பு அரை டீஸ்பூன், உப்பு சேர்த்துக் கொரகொரப்பாக அரையுங்கள். அடைக்கு விடும் தண்ணீரில் பாதி போதும். கரண்டியிலிருந்து மாவு வழியக் கூடாது, விழ வேண்டும். ஒரு மணி நேரம் வெளியில் வைத்தால் இன்னும் நன்றாக வரும்.

பொடியாக நறுக்கிய வெங்காயம், துருவிய கேரட், முட்டைக்கோஸ், ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை, கறிவேப்பிலை, கொத்தமல்லி. எல்லாம் சேர்ந்து ஒன்றரை கப். சுரைக்காயோ சௌசௌவோ போட்டால் துருவிப் பிழிந்துவிட்டுப் போடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் விட்டுக்கொண்டு நடுவில் வேகாது. கடைசியில் 1 டேபிள்ஸ்பூன் நல்லெண்ணெயைக் கலக்குங்கள்.

மெஷின் நன்றாகச் சூடான பிறகு மேலும் கீழும் எண்ணெய் தடவி, ஒரு கரண்டி மாவை நடுவில் வைத்து மூடுங்கள். மூடி ஓரத்தில் ஆவி வரும். ஆவி குறைந்து நிற்கும் வரை திறக்கக் கூடாது. அவசரப்பட்டுத் திறந்தால் இரண்டாகப் பிளந்து மேல் பாதி மேலேயும் கீழ்ப் பாதி கீழேயும் ஒட்டிக்கொள்ளும். சுமார் 7 நிமிடம் ஆகும். தொட்டுக்கொள்ள அவியல், வெல்லம், வெண்ணெய் என்று அடைக்கு எதெல்லாம் உண்டோ அதெல்லாம். மெஷின் இல்லாதவர்கள் இதே மாவைப் பணியாரக்கல்லில் ஊற்றலாம். ருசி மாறாது, கட்டம் மட்டும் இருக்காது.

கோதுமை ஒளிந்திருக்கும் இடங்கள்

சீலியாக் உள்ளவர்களுக்குத் துளி கோதுமையும் ஆகாது. மாவு நம்முடையது என்றாலும், மற்ற வழிகளில் அது உள்ளே வந்துவிடும்.

பெருங்காயம் முதலில். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பலவற்றில் கோதுமை மாவோ மைதாவோ சேர்கிறது. மேலே அடை மாவில் நான் பெருங்காயம் போடச் சொல்லாததற்கு அதுவே காரணம். அரிசி மாவு சேர்த்துச் செய்ததும் கிடைக்கிறது, லேபிளைப் பார்த்து வாங்குங்கள்.

அடுத்தது மாவு மில். நமக்கு முன்னால் ஒருவர் கோதுமை அரைத்துவிட்டுப் போன இயந்திரத்தில் நம் கேழ்வரகைப் போட்டால், முதல் கிலோ கலப்படம்தான். வீட்டில் மிக்ஸியில் அரைப்பது உத்தமம். ராகி சேமியா என்று எழுதியிருந்தாலும் அதில் கோதுமை கலந்திருக்கக்கூடும். மால்ட் சேர்ந்த சத்து பானங்களில் பார்லியும் கோதுமையும் உண்டு. சோயா சாஸிலும் வழக்கமாகக் கோதுமை உண்டு. ஓட்டலில் ரவா தோசை வார்த்த அதே கல்லில்தான் அடையும் வரும். வாஃபிள் மெஷினும் அப்படியே. மைதா வாஃபிள் சுட்ட மெஷினின் கட்டங்களில் தங்கிய துகள் கழுவினாலும் முழுக்கப் போகாது. குழந்தைக்குத் தனி மெஷின் வேண்டும்.

பாக்கெட் உணவில் குளூட்டன் இல்லாதது என்று போட வேண்டுமானால் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. ஒரு கிலோவில் 20 மில்லிகிராம் என்றால் எவ்வளவு சிறிது என்று பாருங்கள்! “ஒரு வாய் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது, கண்ணு” என்று நாம் அன்பாக ஊட்டும் கேசரி எத்தனை பெரியது என்பது அப்போது புரியும்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

ஆண்டு விழா, பொங்கல் விழா, கோயில் பிரசாதம் என்று நம் குடியிருப்பில் வருடம் முழுக்கச் சேர்ந்து சாப்பிடுகிறோம். அந்த நேரத்தில் இந்தக் குழந்தைகள் வீட்டிலிருந்து கொண்டுவந்த டப்பாவோடு ஒரு ஓரத்தில் உட்காருகிறார்கள். மூன்று சின்ன ஏற்பாடு செய்தால் போதும். சமையல்காரரிடம் ஒவ்வொரு பண்டத்திலும் என்ன சேர்ந்திருக்கிறது என்று கேட்டு ஒரு தாளில் எழுதி மேஜையில் வைக்க வேண்டும். இட்லி, பொங்கல், சர்க்கரைப் பொங்கல் போன்றவற்றில் ஒன்றிரண்டையாவது கோதுமை இல்லாத பெருங்காயத்தோடு, தனிப் பாத்திரத்தில், தனிக் கரண்டியோடு வைக்க வேண்டும். பூரி பரிமாறிய கையால் அந்தக் கரண்டியைத் தொடக் கூடாது. செலவு அதிகமில்லை. சங்கத்தின் கணக்கு வழக்கைப் பார்த்தவள் என்ற முறையில் தைரியமாகச் சொல்கிறேன்.

குரோம் தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றால் பெயர் பெற்ற ஊர் நம்முடையது. பாதி ஆங்கிலம், பாதி தமிழ். யாரும் இன்று அதை அந்நியப் பெயர் என்று நினைப்பதில்லை. அடை வாஃபிளும் அப்படியே இங்கே பழகிவிடும் என்று நினைக்கிறேன். செய்து பார்த்தவர்கள் எந்தக் காய் நன்றாக வந்தது என்று அடுத்த இதழுக்கு இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். மெஷின் வாங்குமுன் ஒரு முறை பார்க்க வேண்டும் என்றால் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு என் வீட்டுக்கு வாருங்கள். மாவு தயாராக இருக்கும். பிரெட்டோ பிஸ்கட்டோ மட்டும் கையில் கொண்டுவராதீர்கள்!